மத்தநாள் நாலு மணிக்கு

2024 நவம்பர் 16, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி முப்பத்தைந்து நிமிடம். வானம் முழுக்க மூடியிருந்தது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. சட்டைக்குள் வியர்வை மட்டும் ஊறிக்கொண்டிருந்தது. கார்த்திகை முதல் தேதி என்பதால் வழியெல்லாம் புதுக் கறுப்பு வேட்டியும் கழுத்தில் மாலையுமாகச் சாமிமார். கிழக்கேகோட்டையைத் தாண்டவே ஆட்டோவுக்குப் பதினேழு நிமிடம் ஆயிற்று. மியூசியம் தோட்டத்தின் வாசலில் நானும் என் மகனும் இறங்கினோம். எனக்கு வயது எழுபத்து நான்கு, அவனுக்கு முப்பத்தெட்டு. அவனுக்கு ஒரு பெண்ணைக் காட்டுவதற்காக, சரியாகச் சொன்னால் ஒரு பெண்ணுக்கு அவனைக் காட்டுவதற்காக, வந்திருந்தோம்.

இந்த மலையாள ஊரில் குடியிருக்கும் எங்கள் தமிழ் ஆட்களிடம் இப்போது வழக்கம் இதுதான். பெண் வீட்டுக்குப் போகக் கூடாது. கோயில் பிராகாரம், துணிக்கடை, தோட்டம் என்று ஏதாவது பொது இடத்தில் இரண்டு குடும்பமும் எதிரெதிரே வர வேண்டும். "அட, நீங்களா!" என்று ஆச்சரியப்பட வேண்டும். பையனும் பெண்ணும் பத்தடி தள்ளிப் போய்ப் பேசுவார்கள். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை என்று ஆகிவிடும். மணி குறித்து வைத்த தற்செயல். பெண்கள் குறைந்துவிட்ட காலத்தில் பெண் வீட்டார் சொல்வதுதான் சட்டம். இருபத்து மூன்று ஜாதகம் பொருந்தி, ஆறு பெண்களை இப்படித் தற்செயலாகப் பார்த்தாகிவிட்டது. அதில் நான்கு பேர் பதிலே சொல்லவில்லை. ஒருத்தி அவனுக்கு மலையாளம்தான் நன்றாக வருகிறது என்றாள். ஒருத்தி எங்கள் ஸ்ரீவராகம் வீட்டுக்கு முன்னால் கார் நிறுத்த இடமில்லை என்றாள். இது ஏழாவது.

இந்தப் பெண் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். தகப்பன் இல்லை. தாய்மாமன்தான் பேசினார். அவர் கொல்லத்துக்காரர். நான்கு தலைமுறைக்கு முன்பு திருநெல்வேலியிலிருந்து வியாபாரத்துக்குப் போன குடும்பம். தமிழர்தான், ஆனால் தமிழ் எழுத்து தெரியாது. வெள்ளிக்கிழமை பகல் பதினொன்று இருபதுக்கு அவரிடமிருந்து போன் வந்தது.

"நமஸ்காரம் சாரே. பொண்ணு இன்னைக்கு ராத்திரி வரும். வீட்டில வச்சு வேண்டாம்னாக்கும் அவ சொல்லுறது. மத்தநாள் சாயந்திரம் நாலு மணிக்கு மியூசியத்தில பாக்கலாம். பேண்ட் ஸ்டாண்டு இல்லையா, அதுக்குப் பக்கத்தில. ஒரு கேஷுவல் மீட்டிங். அது போராதா?"

"தாராளம்" என்றேன். பெண்ணும் பையனும் நம்பர் மாற்றிக்கொள்வதெல்லாம் பார்த்த பிறகுதான் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆகவே பேச்சு எங்கள் இரண்டு பேருக்குள்தான்.

வாசலில் ஆளுக்கு ஒரு சாயா குடித்தோம். தற்செயலாக வந்தவர்கள் வெறுங்கையோடு நின்றால் நன்றாயிருக்காது என்று ஒரு பொட்டலம் கப்பலண்டியும், அதாவது வறுத்த வேர்க்கடலையும், வாங்கினேன். மகன் புது நீலச் சட்டை போட்டிருந்தான். தலைக்குச் சாயம் அடித்திருந்தான். காதோரத்தில் சற்று அதிகமாகவே.

"என்ன விசேஷம், இங்க வந்திருக்கியன்னு கேட்டா என்ன மக்கா சொல்லணும்?" என்று கேட்டேன்.

"சிங்கத்தைப் பாக்க வந்தோம்னு சொல்லுங்க."

"வெளையாடாத. எழுபத்து நாலு வயசுக்காரன் சிங்கத்தைப் பாக்க வருவானா?"

"அப்ப சிங்கம் உங்களப் பாக்க வரச் சொல்லிச்சுன்னு சொல்லுங்க."

சிரித்தான். இப்படி அவன் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. போட்டோவில் பார்த்த பெண் அவனுக்குப் பிடித்திருந்தது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வாயைத் திறந்து சொல்கிற பிள்ளை இல்லை அவன்.

தோட்டத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மகாராஜா காலத்தில் போட்டது. நடுவே கோடு கோடாக வண்ணம் பூசிய பழைய கட்டடம், கூரான ஓட்டுக் கூரைகள். ஒரு பக்கம் மிருகக்காட்சிசாலை. மரங்களில் ஆணி அடித்த தகரத்தில் லத்தீன் பெயர்கள். பாதையில் வட்டம் வட்டமாக நடக்கிறவர்கள். மாத்திரை விழுங்குகிற முகத்தோடுதான் அத்தனை பேரும் நடப்பார்கள். நாங்கள் பார்த்தபோது பேண்ட் ஸ்டாண்டு என்கிற கூரை போட்ட வாத்திய மேடைக்குக் கண்ணெட்டும் தூரத்தில் இருந்த ஒன்பது பெஞ்சில் ஒன்றிலும் உட்கார இடமில்லை. ஏழில் ஜோடிகள். ஒன்றில் ஒரு சாமி படுத்துத் தூங்கினார். மீதி ஒன்றில் காக்கை எச்சம்.

புல்லின் ஓரமாக நின்றோம். விசில் சத்தம் கேட்டது.

"அம்மாவா! புல்லில் சவுட்டல்லே!"

காவலாளிப் பையன், புல்லை மிதிக்காதே என்கிறான். அம்மாவா என்றால் மாமா என்று அர்த்தம். கிழவா என்று சொல்ல மனம் வராதவர்கள் அப்படிச் சொல்வார்கள். புல்லில் என் செருப்பின் நுனிதான் இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

நாலு மணி ஆயிற்று. வயதுப் பெண்ணோடு வருகிற ஒவ்வொரு குடும்பத்தையும் பார்த்துச் சிரித்தேன். மாமன் என்று தோன்றுகிற ஆள் கூட இருந்தால் ஓரடி முன்னால் போனேன். முதல் குடும்பம் திரும்பிச் சிரித்துவிட்டுப் போயிற்று. இரண்டாவது குடும்பத்தில் அந்த அம்மாள் கைப்பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். மூன்றாவது ஆள் நின்றார்.

"எங்க கூட்டத்துல யாரையும் தெரியுமா?" என்றார், நல்ல தமிழில்.

"கொல்லத்துலேருந்து வாறியளா?"

"நாங்க மார்த்தாண்டம். பாத்ரூம் எங்க இருக்குன்னு தெரியுமா?"

கையைக் காட்டினேன். மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். அதுதான் அவன் அன்று கடைசியாகச் சிரித்தது.

நாலரைக்குப் போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. நாலே முக்காலுக்கு மறுபடி. எடுக்கவில்லை. நாலு ஐம்பதுக்கு மழை வந்தது. இந்த ஊர் மழை சொல்லிவிட்டு வராது. பேண்ட் ஸ்டாண்டுக்குள் ஏறுவதற்கு முன்பே இரண்டு பேரும் நனைந்துவிட்டோம். உள்ளே ஏற்கெனவே முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். மகனுடைய சட்டைக் காலரில் கறுப்பாக ஒரு கோடு இறங்கியது. கைக்குட்டையால் துடைத்தான், அது இன்னும் பரவியது. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் அதைப் பார்த்துவிட்டு ஒருத்தி தோளில் ஒருத்தி முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள்.

அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஐந்து இருபது. மூன்றாவது போனையும் அந்த மனிதர் எடுக்கவில்லை. தமிழில் எழுதினால் அவருக்கு வாசிக்கத் தெரியாது. குரல் பதிவு அனுப்பும் பொத்தானை அமுக்கினேன்.

"அப்பா, வேண்டாம். வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்" என்றான் மகன்.

நான் பேசினேன். இப்போதும் ஒரு வார்த்தை மாறாமல் சொல்ல முடியும்.

"நாலு மணின்னு சொல்லி ஒண்ணே கால் மணி நேரத்துக்கு மேல மழையில நிக்க வச்சிட்டிய. போனை எடுக்கக்கூட மனசில்ல. முப்பத்து நாலு வயசு வரைக்கும் பொண்ணு ஏன் வீட்டோட இருக்கான்னு இப்பம் எனக்கு வெளங்கிட்டு. இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம்."

விரலை எடுத்தேன். போய்விட்டது. மகன் கைக்குட்டையைச் சட்டைப்பையில் திணித்தான். மழை விடாமலே இறங்கி வாசலை நோக்கி நடந்தான். திரும்பி வரும் ஆட்டோவில் அவன் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம்.

வீட்டில் மனைவி துண்டை நீட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு முட்டுவலி, எங்கும் வருவதில்லை. நடந்ததைச் சொன்னேன். நான் எதிர்பார்த்தபடி அவளுக்குக் கோபம் வரவில்லை. யோசித்தாள்.

"அவரு போன்ல சொன்னதை அப்படியே சொல்லுங்க பாப்போம்."

"பொண்ணு ராத்திரி வரும், மத்தநாள் நாலு மணிக்கு."

"மத்தநாளுன்னா சொன்னாரு?"

"ஆமா."

"தமிழ் மத்தநாளா, மலையாள மத்தநாளா?"

எனக்கு ஈரத் துணியோடு உட்கார வேண்டியதாயிற்று.

இதைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் நாஞ்சில் பேச்சில் மத்தநாள் என்றால் மறுநாள். வெள்ளி ராத்திரி வருகிறவளுக்கு மத்தநாள் சனி. மலையாளத்தில் மற்றன்னாள் என்றால் நாளை கழித்து அடுத்த நாள். வெள்ளிக்கிழமை சொன்னால் ஞாயிறு. எழுபத்து நான்கு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். இது எனக்குத் தெரியாததல்ல. ரேஷன் கடையில் மற்றன்னாள் வா என்றால் சரியாக இரண்டு நாள் கழித்துத்தான் போவேன். அவர் மலையாளத்தில் பேசியிருந்தால் நான் தவறியிருக்க மாட்டேன். என்னிடம் மரியாதையாகத் தமிழ் பேச வேண்டும் என்று நினைத்தார் பாருங்கள், அதில்தான் வந்தது வினை. தமிழில் பேசுகிறவன் வாயிலிருந்து வந்த சொல்லைத் தமிழாகத்தானே எடுத்துக்கொள்வேன்? இதை நான் யாரிடமும் வாதாடத் தயார். கணக்குத் தணிக்கையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன். சனியா ஞாயிறா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று மனைவி சொன்னாள். கேட்டிருக்கலாம். சந்தேகம் வந்தால்தானே கேட்பது?

"மக்கா, அந்த மெசேஜை அழிச்சிரு" என்று போனை மகனிடம் நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தான். "கேட்டாச்சு அப்பா. டிக் நீலமாயிட்டு" என்று திருப்பிக் கொடுத்தான்.

ஏழு பத்துக்கு நானே கூப்பிட்டேன். இந்தத் தடவை இரண்டாவது மணியில் எடுத்தார்.

"சாரே, நான் மாலை போட்ட நாளாக்கும். கோவில்ல இருந்தேன், போன் சைலண்ட்ல. நாளைக்கல்லே நம்ம சொன்னது? ஞாயிறாழ்ச்ச."

சொல்லின் கதையை விளக்கினேன். கேட்டுவிட்டு அவர் சிரித்தார். நல்ல மனிதர்தான். "ஓ, அது அப்படி வந்துதா. எங்க வீட்டில எல்லாரும் மற்றன்னாள்னு சொல்லிச் சொல்லி, அது தமிழாயிட்டு. என்ன செய்ய?"

"நான் பேசினது தப்பு. பொண்ணுகிட்ட ஒண்ணும் சொல்லிராதீய."

அவர் சிரிப்பு நின்றது.

"கோவில்லேருந்து இறங்கி கார்ல வரும்போ ஸ்பீக்கர்ல போட்டேன் சாரே. பொண்ணு பின்னால இருந்துது."

"என்ன சொல்லிச்சு?"

"ஒண்ணும் சொல்லல்ல. பாட்டு வைக்கச் சொல்லிச்சு."

"நாளைக்கு வருமா?"

"எனக்கறியாது. கேட்டு நோக்காம். சாரமில்ல சாரே, விட்டுக் களையுங்க." கேட்டுப் பார்க்கிறேன், பரவாயில்லை, விட்டுவிடுங்கள் என்கிறார்.

மகனிடம் சொன்னேன்: நாளைக்குப் போவோம், நான் மன்னிப்புக் கேட்கிறேன், எத்தனை பேர் பார்த்தாலும் சரி. அவன் ஈரச் சட்டையைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தான்.

"எந்த மூஞ்சிய வச்சிட்டு நான் அங்க நிக்கது?"

"பேசினது நான். நீ என்ன செய்த?"

"பக்கத்தில நின்னேன்லா? போனைப் பிடுங்கல்லையே. எனிக்கு வய்யா, அப்பா. போகணும்னா நீங்க போங்க." வய்யா என்றால் முடியாது. கோபம் வந்தால் அவனுக்கு இரண்டு பாஷையும் கலந்துதான் வரும். அவன் படித்த பள்ளிக்கூடம் அப்படி. சேர்த்தவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. மகன் பகலிலேயே சாப்பிட்டுவிட்டு எங்கேயோ கிளம்பிப் போய்விட்டான். நான் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறித் தனியாகப் போனேன். மூன்று இருபத்தைந்துக்கெல்லாம் பேண்ட் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்தேன். ஞாயிறானதால் கூட்டம் இரட்டிப்பு. வர மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஐந்து மணி வரை நின்றுவிட்டுப் போகலாம், நின்றேன் என்று சொல்லிக்கொள்ளவாவது ஆகும் என்று நினைத்தேன்.

நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு வந்தார்கள். மாமன் கறுப்பு வேட்டியில், தாடி முளைக்கத் தொடங்கியிருந்தது. பெண் முதுகில் பையோடு, காலில் ஷூ போட்டுக்கொண்டு, இரவு பஸ்ஸுக்குத் தயாராக. போட்டோவைவிடக் குள்ளம். எனக்கு நேராக வந்து நின்று, எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"மகன் வரல்லையா?"

"அவனுக்கு உடம்பு சரியில்ல. நேத்து மழையில நனைஞ்சது."

"உடம்பா, மனசா?"

மன்னிப்புக் கேட்பதற்காகப் பஸ்ஸில் வரும்போதே நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். முதல் வாக்கியத்தைச் சொல்லும்போதே அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அங்கிள், அது போட்டும். பெரியவங்க பேசுறது கேட்டு எனக்குப் பழக்கமாக்கும். ஆபீஸ்ல இதைவிட நல்லா பேசுவாங்க. நான் உங்களைப் பாக்க வரல்ல. அப்பா இப்படி ஒண்ணு சொன்ன பிறகு மகன் என்ன செய்வார்னு பாக்கத்தான் வந்தேன். வந்து நின்னிருந்தா, எனக்கு அது போதும், மதியாயிருந்தது. ஒரு சாயா குடிச்சிருக்கலாம்."

"ஒரு பத்து நிமிஷம் இரும்மா. கூப்பிடுகேன்."

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "இருக்காம்" என்று பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தாள். மாமன் தள்ளி நின்று ஒரு மரத்தில் இருந்த லத்தீன் பெயரை எழுத்துக் கூட்டினார்.

மகனுக்கு ஏழு தடவை போன் செய்தேன். அணைத்து வைத்திருந்தான். வீட்டுக்குச் செய்தேன். "போனவன் இன்னும் வரல்லையே" என்றாள் மனைவி. "எங்க போனான்னு தெரியாதா?" என்று கத்தினேன். நடந்து போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நீங்க அவன்கிட்ட கேட்டியளா, நான் கேக்கதுக்கு?" என்று அவளும் கத்தினாள்.

இருபது நிமிடம் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். கேட்டது பத்து, அவள் கொடுத்தது இருபது. அதற்குப் பிறகு எழுந்து பையை மாட்டிக்கொண்டாள்.

"சரி அங்கிள். போறேன். பின்ன, ஒரு காரியம். எனக்கு முப்பத்து மூணாக்கும். முப்பத்து நாலு இல்ல."

அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. ஜாதகம் எனக்கு மனப்பாடம்.

"முப்பத்து மூணு முடிஞ்சு, முப்பத்து நாலு நடப்பு" என்றேன்.

அவள் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். பிறகு சத்தமாகச் சிரித்துவிட்டாள். கேலிச் சிரிப்பில்லை, உண்மையாகவே சிரிப்பு வந்துதான் சிரித்தாள். அதுதான் தாங்க முடியவில்லை. "மாமா, கேட்டோ? இப்பவும் கணக்கு!" என்றாள். மாமன் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். "சாமி சரணம், சாரே." இரண்டு பேரும் கூட்டத்தில் போனார்கள். அவள் பையில் தொங்கிய ஒரு சின்னத் துணிக் கரடி வாசல்வரை தெரிந்தது.

இப்படிச் சிரிக்கிற ஒருத்தி எங்கள் வீட்டில் இருந்திருந்தால் என்று அங்கே நின்று நினைத்துக்கொண்டேன். அந்த வீட்டில் சத்தமாக யாரும் சிரித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று கணக்குப் போடப் பார்த்தேன். வரவில்லை.

மகன் இருட்டின பிறகு வந்தான். தம்பானூரில் சினிமாவுக்குப் போயிருந்தானாம். என்ன சினிமா என்று கேட்டதற்கு, "பாதியில எறங்கிட்டேன்" என்றான். தோசையை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறைத்திருக்கலாம் என்று மனைவி பிறகு சொன்னாள். எதையும் விட்டுவிட்டுச் சொல்ல எனக்குத் தெரியாது. அவள் வந்ததைச் சொன்னேன். அவன் வந்து நின்றிருந்தாலே போதும் என்று சொன்னதைச் சொன்னேன். சாயாவைச் சொன்னேன். இருபது நிமிடம் காத்திருந்ததைச் சொன்னேன். நடப்பு வயதைச் சொன்னதையும் சொன்னேன்.

தோசையைப் பிய்த்த கை அப்படியே நின்றது.

"அவ இருபது நிமிஷம் இருந்தாளா?"

"இருந்தா."

"ஞான் அவிடெத் தன்னே உண்டாயிருந்நு" என்றான் மலையாளத்தில், எனக்குச் சொல்வதுபோல் இல்லை, தட்டுக்குச் சொல்வதுபோல். அங்கேதான் இருந்தேன் என்கிறான். சினிமாவிலிருந்து பாதியில் இறங்கி, நாலு மணிக்கு மியூசியம் வாசல்வரை வந்திருக்கிறான். எதிர்ப்பக்கத்துப் பஸ் நிறுத்தத்தில் நின்றிருக்கிறான். நான் தனியாக நிற்பது கம்பி வழியாகத் தெரிந்திருக்கிறது. அவர்கள் வரவில்லை என்று நினைத்துத் திரும்பிவிட்டான். நாலு மணிக்கு அவர்கள் வரவில்லைதான். ஐந்து நிமிடம் கழித்துத்தான் வந்தார்கள்.

"ஒரு அஞ்சு நிமிஷம் நிக்கக் கூடாதா மக்கா?" என்றேன்.

"நாலுன்னா நாலுன்னு நீங்கதான படிப்பிச்சிய" என்றான். அவன் குரலில் கோபம்கூட இல்லை. கையைக் கழுவிவிட்டு வந்து இதையும் சொன்னான்: "இனி எனக்குப் பாக்க வேண்டாம், அப்பா. ஜாதகத்தையெல்லாம் திருப்பி வாங்கிருங்க."

மாமனுக்கு மறுநாள் நான் போன் செய்தேன். மரியாதையாகப் பேசினார். பெண் பஸ் ஏறிவிட்டாள் என்றார். வேறொரு இடம் பேசிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். மத்தநாள் கூப்பிடுகிறேன் என்றார். எந்த மத்தநாள் என்று இந்தத் தடவை கேட்டேன். அவர் சிரித்துவிட்டு வைத்தார். இரண்டு மத்தநாளும் கடந்து எத்தனையோ நாளாகிவிட்டது.

அந்தத் தோட்டத்துக்குள் நடக்க யாரும் காசு வாங்குவதில்லை. சனிக்கிழமை போக ஆட்டோ நூற்றுப் பத்து, மழையில் திரும்ப ஆட்டோ நூற்று எண்பது, சாயா இரண்டுக்கு இருபத்து நான்கு, கப்பலண்டி இருபது, ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்குப் போகவர இருபத்தாறு. ஆக முந்நூற்று அறுபது ரூபாய்.